கொங்கு நாட்டு அடுக்களையும் அதன் அழகும்

வீட்டின் பகுதிகளுள் உணவு ஆக்கும் இடத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. பண்டை நூல்கள் அதனை அட்டில் என்னும். கோயிலிலும் அரண்மனையிலும் அது மடைப்பள்ளி எனப்படும். பொதுவழக்கில் அடுக்களை என்பர். எம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அடுப்படி என்றால் எவர்க்கும் விளங்கும். இவற்றுள் அட்டில், அடுக்களை, அடுப்படி ஆகிய மூன்றும் 'அடு' என்னும் வினையின் வழிவந்தவை. அடுதலாவது சமைத்தல். ஆகவே அவ்விடத்தின் பெயரிலேயே அதன் தொழில் உறைந்து நிற்கின்றது. இதனை உளத்திற் கொண்டு, அடுக்களையை நாட்டுப்புற முறையில் அணிசெய்தல் என்பது யாது, அதனை எவ்வாறு செய்தல் தகும் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டாயது எற்றுக்கெனின், பனியன் தொழிலாற் பெயர்பெற்ற திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் புதுவீடு கட்டுவோர் சிலர் தம் அடுக்களை கிராமத்துச் சாயலில் அமையவேண்டுமென்று இப்போது விரும்புகின்றனர். உணவுவிடுதியார் பலரும் அவ்வாறே செய்கின்றனர். சுவரில் முறம் தொங்குகின்றது. மூலையில் உரல் நிற்கின்றது. மேடைமேல் மண்பானைகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. காண்பார்க்கு அஃது இனிய காட்சியே. ஆயினும் அணுகி நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். முறத்தில் ஒருநாளும் அரிசி புடைத்ததில்லை. உரலினுள் செயற்கைப் பூங்கொத்து. பானைகளின்மேல் பளபளக்கும் எண்ணெய் வண்ணம். பழைய அடுக்களையின் உருவம் வந்துளது, உயிர் வந்திலது. நம் முன்னோரின் அடுக்களையில் அழகுக்கென்றே வைத்த பொருள் மிகச் சிலவே. ஆண்டுக் காணும் அழகெல்லாம் தொழிலிற் பிறந்த அழகாகும். அஃது எவ்வாறென்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கண் இடம். கொங்கு நாட்டு உழவர் வீடுகளில் ஆசாரம் முன்னும், பொடக்காணி பின்னும் இருக்க, அடுக்களை பெரும்பாலும் ஒரு புறமாக ஒதுங்கி நிற்கும். தென்கிழக்கு மூலையே அதற்குரியது என்பது வழக்கு. இதற்கு நூல்வழிக் காரணம் பல கூறுவர். கண்கூடான காரணம் ஒன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை இந்நாட்டில் மேல்காற்று ஓயாது வீசும். பல்லடம், உடுமலைப் பக்கங்களில் நிரல்நிரலாய் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சான்று. மேற்கினின்று காற்று வருங்கால் அடுப்பு கிழக்குப் புறத்தே இருப்பின், புகையும் தீப்பொறியும் வீட்டின்மேற் படராது வெளியே போகும். இன்று அடுக்களை அமைப்பார் பானை வாங்குமுன் இக்காற்றின் போக்கை நோக்குதல் வேண்டும். எதிரெதிராய் இரண்டு சன்னல் வைத்த அடுக்களை, நூறு அணிகலன் பூண்ட அடுக்களையினும் சிறந்ததாகும்.

அடுத்தது சுவர். பழைய அடுக்களையின் சுவர் சுண்ணாம்பு பூசப்பெற்று வெண்ணிறமாய் விளங்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்லமெல்லக் கல்லாய் இறுகும். அதன் காரத்தன்மையால் பூசணமும் புழுவும் எளிதில் அணுகா. ஈரம் சுவரினுட் புகுந்தாலும் அப்பூச்சின் வழியே வெளியேறி உலரும். ஆகவே ஆவி எழும் அறைக்கு அஃது ஏற்றது. சுவரின் அடிப்பாகத்தில் ஒருமுழ உயரத்துக்குச் செங்காவி தீட்டுவர். இருநிறம் அமைந்த அச்சுவர் எத்துணை அழகியது! ஆனால் காவி வந்த காரணம் வேறு. தரையில் அமர்ந்து அரைத்தும் கரைத்தும் வேலை செய்யுங்கால் தெறிக்கும் புளிநீரும் மஞ்சளும் சேறும் வெண்சுவரிற் கறையாய் நிற்கும்; செம்மையில் அவை தோன்றா. காவியாவது இரும்பின் துரு கலந்த மண். ஆதலின் வெயிலால் வெளுக்காது. இன்று நாட்டுப்புறச் சாயல் வேண்டுவார் சுவரில் மண்ணின் படம் ஒட்டிய தாளை ஒட்டுதலினும், சுண்ணாம்பும் காவியும் பூசுதலே செலவிற் குறைந்ததும் முறையில் உண்மையானதும் ஆகும்.

தரை முன்னாளில் மண்ணாலானது; சாணத்தால் மெழுகப்பட்டது. சாணத்திலுள்ள நார்ப்பொருள் மண்ணைப் பிணித்துப் புழுதி எழாமற் காத்தது. ஆயினும் நாள்தோறும் அதனை மெழுகியவர் பெண்டிரே என்பதை மறத்தலாகாது. பின்னாளில் வந்த செங்காவிச் சிமெண்டுத் தரை அதே நிறத்தையும் குளிர்ச்சியையும் தந்து, மெழுகும் தொல்லையை நீக்கிற்று. இஃது ஒரு நல்ல மாற்றம். பழையதன் பயன் நிலைத்தது; அதன் பாடு ஒழிந்தது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க, பின்னும் வேண்டப்படும்.

இனி அடுப்பு. மண்ணாற் செய்து, மேலே மூன்று குமிழ் வைத்த அடுப்பைக் குழந்தைகள் மூன்று கொண்டை என்று வியப்பர். அக்குமிழ்கள் பாத்திரத்தைச் சிறிது தூக்கி நிறுத்தித் தீச்சுடர் நாற்புறமும் படர வழிவிடுகின்றன. அவை இல்லையேல் தீ மூச்சடைத்து அணையும். பெரிய அடுப்பின் பக்கத்தே கொடியடுப்பு ஒன்று இருக்கும். அதற்குத் தனி விறகு இல்லை. பெரிய அடுப்பிலிருந்து ஒரு துளை வழியாக வரும் வெம்மையே அதற்கு உணவு. பெரியதில் களி கிண்டுங்கால், கொடியடுப்பிற் கொள்ளுப்பருப்பு மெல்ல வேகும். விறகு சுருங்கிய இப்புன்செய் நாட்டில் ஒரு தீயை இருமுறை பயன்படுத்திய அறிவு அஃது. அவ்வடுப்பின் வளைந்த வடிவழகு அவ்வறிவின் உருவமே.

கற்கருவிகளை நோக்குவோம். அம்மி, ஆட்டுரல், உரல், திருகை என்னும் நான்கும் இல்லாத அடுக்களை பண்டு இல்லை. அம்மியின் முகம் தேய்ந்து வழவழப்பானால் மிளகாய் அரைபடாது வழுக்கும். அப்பொழுது உளியும் சுத்தியும் கொண்டு தெருவில் வருவோரை அழைத்து அம்மி கொத்துவிப்பர். புள்ளி புள்ளியாய் விழுந்த அக்கொத்து வேலை கண்ணுக்கும் இனிது. ஆயினும் அப்புள்ளிகளே அம்மியின் பற்கள். இஞ்ஞான்று அணிப்பொருளாய் விற்கப்படும் சில அம்மிகளின் முகம் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டுள்ளது. பல்லில்லாத அம்மி எதை அரைக்கும்?

ஆட்டுரலின் வரலாறு நமக்கு ஒரு பெரும் பாடம். ஒருகாலத்தில் இட்டிலிக்கு மாவு ஆட்டுதல் என்றால் ஒரு பெண்ணின் தோளும் இடுப்பும் நெடும்பொழுது உழைத்தல் என்று பொருள். 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பார் அக்கல்லை மின்விசையாற் சுழலச் செய்யும் பொறியை அமைத்தனர் என்பர். அப்பொறிக்கு வேண்டிய கல், திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளிப் பக்கத்தினின்று செல்கின்றது. கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு கிரைண்டரை மிக்சி, மின்விசிறி ஆகியவற்றோடு விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அறிவுடையோர் கல்லை விலக்கவில்லை. மெல்லச் சுழலும் கல்லில் மாவு சூடேறாது, நன்கு பொங்கும் என்பதை அறிந்து அதனைப் போற்றினர். அதனைச் சுழற்றிய கையை மட்டும் விடுவித்தனர். நாட்டுப்புற அடுக்களையின் உண்மையான வழித்தோன்றல் எதுவென்று என்னைக் கேட்பின், பூங்கொத்துத் தாங்கிய உரலைக் காட்டேன். மாவு ஆட்டிக்கொண்டிருக்கும் கிரைண்டரையே காட்டுவேன்.

பாத்திரங்களுள் மண்பாண்டம் மிகப் பழையது. நொய்யலாற்றங்கரையில், சென்னிமலைக்கு அணித்தாயுள்ள கொடுமணல் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழாய்வுகளில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்துள. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இக்கரையில் வாழ்ந்தோர் தம் பானைமேல் தம் பெயரைப் பொறித்தனர் என்றால், அவர் அதனை எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும். பானையில் நீர் குளிர்வது எவ்வாறு? சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மிகச் சிறிது சிறிதாகக் கசியும். கசிந்த நீர் காற்றுப்பட்டு ஆவியாகும். ஆவியாகுங்கால் உள்ளிருக்கும் நீரின் வெம்மையைக் கவர்ந்துகொண்டு போகும். எனவே பானைக்கு எண்ணெய் வண்ணம் பூசுவோர் அதன் துளைகளை அடைத்து அதன் தொழிலைக் கொன்றுவிடுகின்றனர். அணிசெய்ய விரும்பின், கழுத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு இடுக, வயிற்றை விட்டுவிடுக. ஈரமணல் பரப்பி அதன்மேல் பானையை வைத்தலே அதற்கு ஏற்ற பீடம். சமைக்கும் சட்டியாயின் முதலில் ஒருநாள் முழுதும் நீரில் ஊறவிட்டு, பின் கஞ்சிநீரைக் காய்ச்சிப் பழக்குதல் வேண்டும். பளபளக்கும் மெருகுக்காக ஈயம் கலந்த பூச்சிட்ட சட்டியிற் சமைத்தல் உடலுக்குத் தீங்காகும்.

பித்தளையும் செம்பும் திருப்பூருக்கு அயலானவை அல்ல. நகரையடுத்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்போன இடம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் ஆகியவற்றில் குடமும் அண்டாவும் போசியும் அங்கே உருவாகின்றன. தட்டித் தட்டிச் செய்த குடத்தின்மேல் விழும் சுத்தியடி, மீன்செதில்போல் நிரல்பட நின்று ஒளிரும். அவ்வடி தகட்டை இறுகச் செய்யும். ஆதலின் அதுவும் வெறும் அணியன்று. ஆயினும் பழைய பித்தளைப் பாத்திரம் கிடைத்ததென்று உடனே அதில் புளிக்குழம்பு வைத்தல் ஆகாது. புளி செம்போடு கூடினாற் களிம்பு உண்டாகும், களிம்பு நஞ்சு. அதனாலேயே நம் முன்னோர் உட்புறத்தே ஈயம் பூசுவித்தனர். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சினால் ஓரிழுப்பில் தேய்க்க, உட்புறம் வெள்ளிபோல் வெண்மையுறும். ஆண்டுக்கொருமுறையேனும் அது நிகழவேண்டும். பூசுவார் அருகிவிட்டமையால், பரணேறிய பித்தளைகள் பல.

பொருள்களைச் சேமிக்கும் முறையிலும் அதே நெறியைக் காணலாம். மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் முதலியவற்றைப் பகுத்து வைக்கும் அஞ்சறைப்பெட்டி, கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கத்தக்க ஒழுங்குடையது. மேலே தொங்கும் உறியில் தயிரும் வெண்ணெயும் இருக்கும்; எறும்பும் பூனையும் எட்டா, காற்று மட்டும் எட்டும். சுவரின் உச்சியில் உள்ள அட்டாலியில் மொடாக்கள் அமரும். செம்மண் கட்டிய துவரையும், வேப்பிலை இட்ட கம்பும் ஓராண்டுக்குப் புழுவின்றி இருக்கும். உறி என்பது நாலு கயிறு கூடிய எளிய முடிச்சு. ஆயின் இன்று வெங்காயமும் வாழைப்பழமும் வைப்பதற்கு அதனினும் ஏற்றது வேறில்லை. பையிற் கட்டிவைத்த வெங்காயம் அழுகும். உறியிலிட்ட வெங்காயம் உலர்ந்து நிற்கும்.

இதுகாறும் பழமையின் நன்மையைக் கூறினோம். மற்று, அதன் கொடுமையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. பழைய அடுக்களையின் கரிபடிந்த விட்டத்தைப் படமெடுத்து மகிழ்வோர், அக்கரியில் ஒரு பங்கு அடுப்பின்முன் அமர்ந்தவரின் நெஞ்சினுள்ளும் படிந்தது என்பதை எண்ணுதல் வேண்டும். வீட்டினுள் எழும் புகையால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு கணித்துளது. புகை விட்டத்து மரத்தைச் செல்லரியாமற் காத்தது உண்மையே. அப்பணியை இன்று வேப்பெண்ணெயும் செய்யும். எம் அம்மாயி, விறகடுப்பிற் செய்த அரிசிம்பருப்புச் சோற்றின் மணத்தை நாளெல்லாம் புகழ்வார். "அப்படியானால் அவ்வடுப்பை மீண்டும் மூட்டித் தரட்டுமா, அம்மாயி?" என்று கேட்டால், "போதுஞ் சாமி! கண்ணு எரிஞ்சது போதும், நீ வேணா ஊதிப் பாரு" என்பார். அடுக்களையின் பழமையைப் பற்றிப் பேசுவோர் பலர், அதில் ஊதாங்குழல் பிடியாதவர். பிடித்தவரின் சொல்லே ஈண்டு முடிந்த முடிபாகும்.

மேனாட்டிலும் இத்தகைய நாட்டுப்புற விருப்பம் எழுந்ததுண்டு. ஆங்கில நாட்டில் இயந்திரப் பண்டங்கள் வீடுகளை நிரப்பிய காலத்தில், துணி வடிவங்கள் வரைந்து புகழ்பெற்ற வில்லியம் மாரிஸ் (1834–1896) கைத்தொழிலின் அழகை வலியுறுத்தினார். ஆயினும் கைத்திறம் அமைந்த பொருள்கள் விலை மிகுந்து, பெரும்பாலும் செல்வர் வீட்டையே அடைந்தன. அடுக்களையைத் தொழிலாளர்க்கென அமைத்த புகழ் மார்கரெட் ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலை அம்மையாருக்கு உரியது. 1926இல் செர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட்டு நகரில், ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள சிறு அறையில், கைக்கெட்டும் இடத்தில் ஒவ்வொன்றும் இருக்குமாறு அவர் வகுத்த அடுக்களை ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. அமர்ந்த இடத்திலிருந்தே அஞ்சறைப்பெட்டியையும் அடுப்பையும் அம்மியையும் எட்டிய நம் பாட்டியரின் ஒழுங்கும் அத்தகையதே.

இவ்வெண்ணம் நம்மைத் திருப்பூரின் லைன் வீடுகளுக்கு அழைத்துச் செல்கின்றது. மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய வடநாடுகளிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைப்போர் பலர், ஒரே அறையும் அதன் மூலையில் ஓர் அடுப்புமாக வாழ்கின்றனர். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் திரும்பும் ஒரு பெண்ணை நோக்கி, "அம்மியில் அரை, அதுவே பண்பாடு" என்று கூறுவது அறமாகாது. ஆனால் நாட்டுப்புற அடுக்களையின் நன்மை அவளுக்கும் உரியது, பெருஞ்செலவின்றிப் பெறத்தக்கது. சுண்ணாம்பு பூசிய சுவர், மணல்மேல் ஒரு பானை, சன்னலருகே ஓர் உறி, தலைக்குமேல் ஓர் அட்டாலி, ஓர் அஞ்சறைப்பெட்டி: இவை ஐந்தும் பத்தடி அறைக்கும் அடங்கும். கம்பெனியில் மிஞ்சும் துண்டுத்துணிகளை அடுக்கித் தைத்தால் சூடான போசியை இறக்கும் பிடிதுணி ஆகும்; பருத்தியாதலின் எளிதில் உருகாது, நீரையும் உறிஞ்சும். இதனினும் திருப்பூருக்கு உரிய நாட்டுப்புற அணி வேறு யாதுளது?

ஆகவே அடுக்களையை அணிசெய்ய விழைவார் ஒவ்வொரு பொருளையும் நோக்கி மூன்று வினாக்களைக் கேட்பாராக. முதலாவது, இஃது இங்கே என்ன வேலை செய்கின்றது? இரண்டாவது, அவ்வேலைக்காக யாருடைய உடல் தேய்கின்றது? மூன்றாவது, இது பழுதுற்றால் செப்பனிடும் கைவினைஞர் அருகே உளரா? முதல் வினாவுக்கு விடையில்லாத பொருள் தூசியைச் சேர்க்கும். இரண்டாவதற்கு விடை துன்பமாயின், கிரைண்டர் கற்பித்த வழியே அதனைத் திருத்துக. மூன்றாவது வினா நம் கடமையைக் காட்டும். ஓராண்டுக்கு ஒரு பானை வாங்குவோர் ஒரு குயவரின் சக்கரத்தைச் சுழலச் செய்கின்றனர். பித்தளைக்கு ஈயம் பூசுவிப்போர் ஓர் உலையை அணையாமற் காக்கின்றனர். சுவரில் மாட்டிய பழம்பொருள் அவ்விருவர்க்கும் ஒரு காசும் ஈயாது.

இறுதியாக ஒன்று. பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர், முதிரமலைக்குரிய குமணனைக் காடு சென்று கண்டு பாடிய பாட்டுப் புறநானூற்றில் உளது. அம்மலையை உடுமலை, பழனிப் பக்கத்ததாகக் கொள்வார் உளர். அப்பாட்டிற் புலவர் தம் வீட்டு அடுப்பைக் காட்டுகின்றார். சமைத்தலை மறந்து கிடந்த அவ்வடுப்பிற் காளான் பூத்திருந்தது. மண்ணடுப்பு, மூன்று குமிழ், இடையே மலர்ந்த வெண்காளான்: ஓவியர்க்கு அஃது அழகிய காட்சியாகலாம். ஆயின் அவ்வீட்டிற் பால் வறண்ட தாயும் பசித்த குழவியும் இருந்தனர். பயன்படாத அடுப்பின் அழகு எத்தகையது என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டா. நண்பர்காள்! நம் அடுக்களைகளை விருப்பம்போல் அணிசெய்வோம், காவி தீட்டுவோம், கோலமும் இடுவோம். எனினும் அங்குள்ள அடுப்பு நாள்தோறும் எரிதலையும், எரிப்பவர் கண் கலங்காதிருத்தலையும், அயல்வீட்டு அடுப்பிற் காளான் பூவாதிருத்தலையும் அவ்வணிக்கு முன்னதாகக் கருதுவோமாக.